சுருவில் கிணற்று நீரும் ஒஸ்ரின் காரின் பம்பரும்

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து என் பெரியப்பாவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். பழைய கார் ஒன்றை ஆசைக்காக வாங்கியிருக்கிறானாம். "அண்ணை, பம்பரிலை வெள்ளைப் புள்ளி விழுந்து கிடக்குது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகேல்லை. அப்பா சுருவிலிலை என்னத்தாலை துடைக்கிறவர்?" என்று கேட்டான். 'தேசிக்காய்' என்று ஒரே சொல்லில் விடை கூறியிருக்கலாம். ஆயினும் அந்தச் சொல்லின் பின்னால் ஒரு தீவின் நீரும், ஒரு காரின் வரலாறும், என் தவறு ஒன்றும் இருக்கின்றன. அவற்றையும் எழுதிவைப்பது நன்று எனத் தோன்றியது.

சுருவில், ஊர்காவற்றுறைத் தீவின் கரையோரக் கிராமங்களுள் ஒன்று. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரை வைத்து இத்தீவை லைடன் என அழைத்தனர். இங்கு ஆறு இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே தீவகமும் மயோசீன் காலச் சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் அமைந்தது. மாரி மழை நிலத்துள் இறங்கிப் பாறை வெடிப்புகளில் தங்கி, கீழேயுள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. நன்னீர்க் கிணறு என்று நாம் சொல்வதெல்லாம் அந்த வில்லையில் வாளி போடுவதுதான். கோடையில் அது மெலியும், உவர் மேலெழும். ஆகவே தீவகத்து வீடுகளில் குடிக்க ஒரு தண்ணீர், குளிக்க ஒரு தண்ணீர் என்ற பாகுபாடு பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மென்னமிலமாகிறது. அது சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாக எடுத்துச் செல்கிறது. நீர் ஆவியாகும்போது வாயு வெளியேற, கல்சியம் காபனேற்று மீண்டும் கல்லாகப் படிகிறது. கேத்திலின் உட்புறத்தில் படியும் வெள்ளைப் படலமும், வெயிலில் காய்ந்த பம்பரில் விழும் வெள்ளைப் புள்ளியும் ஒன்றே. ஒரு லீற்றரில் 180 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் காபனேற்று அளவில் கடினத்தன்மை இருப்பின் அதனை மிகக் கடின நீர் என வகைப்படுத்துவர். உவர்நீர் காய்ந்து விடும் உப்பு, நீரிலே கரைந்து போய்விடும். சுண்ணாம்புப் புள்ளியோ நீருக்கும் சவர்க்காரத்துக்கும் அசையாது, அமிலத்துக்கே இளகும்.

இனிக் காரின் கதை. பிரித்தானியாவின் ஒஸ்ரின் நிறுவனம் 1947இல் ஏ-40 டெவன் வகையையும், 1952இல் ஏ-40 சமர்செற் வகையையும் வெளியிட்டது. இக்கார்களும் மொறிஸ் மைனர்களும் யாழ்ப்பாணத்துத் தெருக்களின் அடையாளமாயின. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களிலும் 70களிலும் கார் இறக்குமதி முடங்கியது. ஆகவே வந்தவற்றைக் காப்பாற்றுவதே வழியாயிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் யப்பானிய வாகனங்கள் வந்தன. எங்கள் பக்கத்தவர்கள் பழையவற்றைக் கைவிடவில்லை.

பெரியப்பாவிடம் இருந்தது ஒரு சமர்செற். ஹயர் ஓடிக் குடும்பத்தைக் காத்த வண்டி அது. கலியாண வீட்டுக்குப் போகுமுன் பம்பரையும் முன் கிறிலையும் துடைப்பது ஒரு சடங்கு. வெயிலில் நின்ற வண்டியை முதலில் வேப்ப மர நிழலில் விட்டு உலோகம் ஆறும்வரை காத்திருப்பார். தூசியை நீரால் கழுவுவார். தூசியோடு துடைத்தால் கீறும் என்பார். பின் தேசிக்காய்ச் சாற்றில் பாதி நீர் கலந்து, பழந்துணியை அதில் நனைத்துப் புள்ளிகளின் மேல் சில நிமிடம் போர்த்துவார். வினாகிரி கிடைக்கும் நாளில் அதையும் இவ்வாறே பயன்படுத்துவார். புள்ளி இளகியதும் மெல்லத் துடைத்து, கூரைப் பீலியிலிருந்து பீப்பாயில் பிடித்த மழைநீரால் அலசி, உடனே உலர்ந்த துணியால் ஈரம் ஒற்றியெடுப்பார். மழைநீரில் சுண்ணாம்பு இல்லையாதலால் மறுபுள்ளி விழாது. "கிணத்துத் தண்ணியைக் காயவிட்டால் அது கல்லாப் போகும் தம்பி" என்பார். இருகாபனேற்று என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, அந்தக் கார் திருத்த வேலைக்காக வலிகாமத்தில் ஒரு கராச்சில் நின்றது. அதனால் தப்பியது. ஆகஸ்டில் தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தனர். பெரியப்பாவும் வள்ளமேறி அக்கரை சேர்ந்தார். ஊரும் கிணறும் பீப்பாயும் அங்கேயே நின்றுவிட்டன. பொருளாதாரத் தடையில் பெற்றோல் அரிதாயிற்று. சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சவர்க்காரம்கூட எண்ணிப் பாவித்த அக்காலத்திலும் அவர் பம்பரைத் துடைப்பதை நிறுத்தவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தபோது, நடக்கமுடியாத முதியவர்களை ஏற்றிக்கொண்டு அக்கார் தென்மராட்சிக்கு ஊர்ந்தது.

2002இல் ஏ-9 பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து நான் போனேன். பெரியப்பா தளர்ந்திருந்தார், பம்பரில் புள்ளிகள் மண்டியிருந்தன. அவரை மகிழ்விக்க எண்ணி, குளியலறை கழுவும் அமிலத் திரவம் ஒன்றை ஊற்றித் தேய்த்தேன். புள்ளிகள் நொடியில் மறைந்தன. கூடவே பளபளப்பும் மறைந்து மஞ்சள் திட்டு ஒன்று தெரிந்தது. ஐதரோகுளோரிக்கமிலம் குறோமியத்தையே கரைக்கும். அதன் அடியிலுள்ள நிக்கல் வெளிப்பட்டுவிட்டது. குறோமியப் பூச்சு தலைமுடியின் தடிப்பில் ஒரு சிறு பகுதியே. இறக்குமதித் தடையையும் இரண்டு இடப்பெயர்வுகளையும் தாண்டி வந்த பூச்சை, அன்பின் அவசரத்தில் நான் ஐந்து நிமிடத்தில் அழித்தேன்.

பெரியப்பா கோபிக்கவில்லை. திட்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "உப்புக்காத்து படாமல் கொஞ்சம் மெழுகு பூசு, கறள் பிடிக்காது" என்றார். பிறகு நெடுநேரம் பேசாதிருந்து, "சுருவில் கிணறு தூர்ந்திருக்குமோ?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. அவர் மீண்டும் ஊர் பார்க்காமலே மறைந்தார்.

தம்பிக்கு நான் சொன்ன விடை இதுதான்: நிழலில் விடு, உலோகம் ஆறட்டும். வினாகிரியும் நீரும் சமமாகக் கலந்து சில நிமிடம் மட்டும் வை. குறோமில்லாத அலுமினியப் பாகமானால் இன்னும் விரைவாகக் கழுவு. அமிலம் அதனை மங்கச் செய்யும். காய்ச்சி வடித்த நீரால் அலசி உடனே துடை. ஒன்ராறியோ ஏரி நீரும் ஓரளவு வன்னீரே. அமிலம் தின்ற குழி எதனாலும் நிரம்பாது. அதை வைத்துக்கொள்ளப் பழகு.

"அப்பா மழைத்தண்ணி பிடிச்சது இதுக்குத்தானோ?" என்று கேட்டான். ஆம் என்றேன். மறுநாள் தன் வீட்டுக் கூரைப் பீலியின் கீழ் ஒரு வாளி வைத்திருப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தான்.