திமிஷ்க் பள்ளிவாசலில் நிலவை அளந்தவர்



2016ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் இஷாத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பள்ளியின் மொட்டை மாடியில் இளைஞர்கள் கூட்டமாக நின்று கொண்டிருந்தனர். அன்றைய நிலவைப் பத்திரிகைகள் ‘சூப்பர் மூன்’ என்று வர்ணித்திருந்தன. “ஹழ்ரத், நிலா பெரிதாகத் தெரிகிறதா?” என்று ஒரு தம்பி கேட்டார். மேகம் விலகிய நேரத்தில் அண்ணாந்து பார்த்தேன். அழகாக இருந்தது. ஆனால் பெரிதாக இருந்தது என்று சொல்ல மனம் துணியவில்லை.

அந்தப் பெயரை 1979இல் சூட்டியவர் ரிச்சர்ட் நோல் என்னும் அமெரிக்கச் சோதிடர். சோதிடம் நமக்கு ஆகாது. எனினும் பெயருக்குப் பின்னால் உள்ள செய்தி உண்மையானதே. நிலவு பூமியை நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது. சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். 2016இல் நாம் பார்த்த அன்று அது 3,56,509 கிலோமீட்டர் வரை நெருங்கி வந்திருந்தது. 1948 ஜனவரிக்குப் பின் அவ்வளவு நெருக்கத்தில் முழுநிலவு வந்ததில்லை. ஒரு நெருக்கத்திலிருந்து மறு நெருக்கத்திற்கு ஏறத்தாழ 27.55 நாட்கள், ஒரு பிறையிலிருந்து மறு பிறைக்கு 29.53 நாட்கள். இவ்விரு கணக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தாததால், நெருக்கமும் முழுநிலவும் எல்லா மாதமும் சேர்ந்து வருவதில்லை. மிக அருகில் வரும் முழுநிலவுக்கும் மிகத் தொலைவில் நிற்கும் முழுநிலவுக்கும் குறுக்களவில் சுமார் 14 சதவீதமே வேறுபாடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியில்லாத நிலையில், வெறுங்கண் அதை எப்படி அறியும்?

ஆனால் இந்த வேறுபாட்டை ஏறக்குறைய இரு மடங்கு என்று வைத்திருந்த கணக்கு ஒன்று, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வானியலை ஆண்டு வந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமியின் கணக்கு அது. அவருடைய ‘அல்மஜஸ்தி’யின்படி, நிலவு பாதியாகத் தெரியும் நாட்களில் சில வேளை பூமிக்கு மிக அருகில் வந்துவிடும், அப்போது அதன் உருவம் ஏறத்தாழ இரட்டிப்பாகத் தெரிய வேண்டும். அப்படி ஒரு நிலவை எவரும் கண்டதில்லை. நிலவு வானில் எந்த இடத்தில் நிற்கும் என்பதை அக்கணக்கு ஓரளவு சரியாகச் சொல்லிவிட்டதால், அது எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற கேள்வி ஒதுக்கி வைக்கப்பட்டது.

அந்தக் கேள்விக்கு விடை தந்தவர் ஒரு பள்ளிவாசல் ஊழியர். இதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இப்னு ஷாதிர் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 704 (கி.பி. 1304) வாக்கில் திமிஷ்கில், அதாவது இன்றைய டமாஸ்கஸ் நகரில், பிறந்தார்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பாட்டனாரிடம் வளர்ந்து, தந்தத்தில் பதிப்பு வேலை செய்யக் கற்றார்கள். பின்னர் அந்நகரின் உமையாப் பெரிய பள்ளிவாசலில் முவக்கித் பதவி வகித்தார்கள். முவக்கித் என்றால் தொழுகை நேரங்களைக் கணித்துக் கொடுப்பவர். இமாம், முஅத்தின் போல இதுவும் பள்ளியின் ஒரு பணியாக 13ஆம் நூற்றாண்டு முதலே எகிப்து, ஷாம் நாடுகளில் இருந்து வந்தது. மார்க்கம் கற்றவர்களுக்கு வானம் தெரியாது என்று இன்று கேலி பேசுவோருக்கு இந்தப் பதவி இருந்ததே தெரியாது. நம்மில் பலருக்கும் தெரியாது என்பதே வருத்தம்.

‘நிஹாயத்துஸ் ஸூல்’ என்ற நூலில் அவர்கள் தாலமியின் நிலவு அமைப்பை விட்டு, ஒரு சிறு வட்டத்தின் மேல் இன்னொரு சிறு வட்டம் சுழலும் புதிய அமைப்பை வகுத்தார்கள். நிலவு நிற்கும் இடமும் சரியாக வந்தது. தொலைவின் வேறுபாடும் கண்ணுக்கு ஒத்துப்போகும் அளவுக்குச் சுருங்கியது. பூமியே நடுவில் நிற்கிறது என்ற பழைய எண்ணம் மட்டும் அவர்களிடமும் மாறவில்லை. 1543இல் வெளியான கோப்பர்னிக்கஸின் நூலில் நிலவுக்கு இதே அமைப்பு காணப்படுவதை 1957இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். அது எவ்வழியில் அங்கு சென்றது என்பதற்கு அனைவரும் ஏற்கும் சான்று இல்லை. ஆகவே “நம்மிடமிருந்து திருடிவிட்டார்கள்” என்று மேடையில் முழங்குவது அமானிதத்திற்கு ஏற்றதன்று.

இந்த நெருக்கமும் தொலைவும் நம் 29ஆம் இரவுகளுக்கும் சம்பந்தமுடையவை. நிலவு அருகில் வரும்போது விரைந்து நகர்கிறது: ஒரு நாளில் சுமார் 15 பாகை. தொலைவில் இருக்கும்போது 12 பாகை அளவே. அமாவாசை நிலவின் நெருக்கத்தோடு சேர்ந்து வந்தால், இளம்பிறை சூரியனை விட்டு வேகமாக விலகுகிறது; ஆகவே கண்ணில் படும் வாய்ப்பு கூடுகிறது. அதே வயதுடைய பிறை வேறொரு மாதத்தில் தென்படாமலே போகலாம். “போன மாதம் இத்தனை மணி நேரப் பிறையைப் பார்த்தோமே, இந்த மாதம் ஏன் ஏற்கவில்லை?” என்று பள்ளி வாசலில் குரல் உயர்த்துவோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பிறையைக் கண்டே மாதத்தைத் தொடங்குகிறோம். எந்தத் திசையில், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதற்குக் கணக்கு துணை நிற்கிறது. இவ்விரண்டையும் எதிரிகளாக்கியது நம் பிடிவாதம்தான்.

இப்னு ஷாதிர் (ரஹ்) அவர்கள் 1371இல் இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட சலவைக்கல்லில் சூரியக் கடிகாரம் ஒன்றைச் செதுக்கி, உமையாப் பள்ளியின் ‘அரூஸ்’ மினாராவில் பதித்தார்கள். நான்கு ஆண்டுகளில் வஃபாத்தானார்கள். அவர்கள் செதுக்கிய கல் 19ஆம் நூற்றாண்டில் உடைந்தது. 1876இல் தன்தாவி என்னும் அறிஞர் அதைப் போலவே வேறொரு கல்லைச் செதுக்கி அங்கே பதித்தார். உடைந்த துண்டுகளைத் திமிஷ்க் அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்தினார்கள்.