வீட்டிலே சேர்த்து வைத்த மின்சாரம்



2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கைத் தீவு முழுவதிலும் மின்சாரம் ஒரே கணத்தில் நின்றுபோயிற்று. பாணந்துறையிலுள்ள உபமின் நிலையத்திலே குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டுவிட்டது என்று துறைக்குரிய அமைச்சர் காரணங் கூறினார். இலங்கையைக் குரங்கு கலக்கியது இது முதல் தடவையன்று எனப் பலரும் வேடிக்கை பேசிக்கொண்டனர். ஆனால், கிணற்று நீர் மேலேறாத வீட்டிலும், விசிறி நின்றதால் விழித்தழுத குழந்தையின் தொட்டிலருகிலும் வேடிக்கைக்கு இடமிருக்கவில்லை. சில வீடுகளில் மாத்திரம் விசிறி சுழன்றுகொண்டேயிருந்தது. அவ்வீடுகளில் பற்றரியும் இன்வேர்ட்டரும் இருந்தன. இவ்விரண்டும் புதுமைப் பொருள்கள் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மை வேறு. தெருக்கம்பியின் வழியாக மின்சாரம் வீடுகளுக்கு வந்த அதே காலத்திலேயே பற்றரியும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

1800 ஆம் ஆண்டிலே இத்தாலிய விஞ்ஞானியாகிய வோல்ற்றா என்பார், வெள்ளித் தட்டுகளையும் நாகத் தட்டுகளையும் மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, இடையறாத மின்னோட்டத்தை முதன்முதலாகப் பெற்றார். அந்த அடுக்கு தன் உலோகத்தையே தின்று தீர்ப்பது. தீர்ந்தபின் எறிய வேண்டியதுதான். தீர்ந்ததை மீண்டும் நிரப்பலாம் என்று காட்டியவர் பிரான்சு தேசத்துக் கஸ்தோன் பிளான்ரே. 1859 இல் அவர் இரண்டு ஈயத்தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி சுருளாகச் சுற்றி, நீர் கலந்த கந்தக அமிலத்திலே அமிழ்த்தினார். மின்னோட்டத்தை உள்ளே செலுத்தினால் தகடுகள் அதனை இரசாயன மாற்றமாக ஏற்றுக்கொண்டன. வேண்டும்போது திருப்பித் தந்தன. இன்று நம் வீட்டு மூலையில் இருக்கும் ஈயப் பற்றரி அதன் நேர் வாரிசே ஆகும்.

எனினும் பிளான்ரேயின் காலத்தில் அதை நிரப்புவதற்குத் தக்க மின்பிறப்பாக்கி கிடையாது. ஒருவகை மின்கலத்திலிருந்து பெற்ற மின்சாரத்தாலேயே மற்றொன்றை நிரப்ப வேண்டியிருந்தது. ஒரு குடத்து நீரை இன்னொரு குடத்தில் ஊற்றிவைப்பது போன்ற வேலை. மேலும் தகடுகள் பக்குவமடைய, பலமுறை நிரப்பியும் வெறுமையாக்கியும் மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது. 1871 இல் கிராம் என்பாரின் மின்பிறப்பாக்கி வந்தது முதற்குறையைத் தீர்த்தது. 1881 இல் கமில் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர், ஈய ஒட்சைட்டைக் களிபோலக் குழைத்துத் தகட்டின்மேற் பூசி இரண்டாவது குறையையும் தீர்த்தார். அவ்வாண்டிலேயே, நிரப்பப்பட்ட ஃபோர் மின்கலங்கள் அடங்கிய பெட்டியொன்று பாரிசு நகரிலிருந்து கிளாஸ்கோவுக்கு, பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற சேர் வில்லியம் தொம்சனிடம், கொண்டுபோகப்பட்டது. கடல் கடந்து சென்ற பெட்டியிலே மின்சாரம் அப்படியே இருந்தது. ஓரிடத்திற் பிறந்த மின்சாரத்தை மூட்டைகட்டி வேறோரிடத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்பது அன்றைய மக்களுக்கு எத்தகைய வியப்பாயிருந்திருக்கும்!

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளில் மின்விளக்கு எரியத் தொடங்கிய காலம் அது. தெருவிலே கம்பி இல்லை. ஆதலால் தோட்டத்து மூலையிற் சிறு யந்திரமொன்றைப் பகலில் ஓட்டி, கண்ணாடித் தொட்டிகளில் வரிசையாக நின்ற பற்றரிகளை நிரப்புவார்கள். இரவிலே யந்திரம் ஓய்ந்து, பற்றரி ஒளி தரும். தொட்டியில் நீர் குறைகிறதா, அமிலத்தின் அடர்த்தி சரியா என்று பார்ப்பதும், நிரப்பும்போது எழும் வாயு வெளியேறக் காற்றோட்டம் வைப்பதும் அக்காலத்து வேலையாளின் கடமைகள். இன்று ஈயப் பற்றரி வைத்திருப்போருக்கும் கடமை அதுவே. வடித்த நீர் ஊற்ற மறந்தால் வேலையாளை ஏசமுடியாது என்பதுதான் வேறுபாடு.

எடிசன் இச்சேமிப்புக்கலத்தை அக்காலத்தில் வெறும் பங்கு வியாபார ஏமாற்று என்று இகழ்ந்தார். பின்னர் அவரே ஆண்டுக்கணக்கில் உழைத்து, நிக்கலும் இரும்பும் கொண்டு வேறொரு சேமிப்புக்கலத்தைச் செய்து விற்றார் என்பது சரித்திரத்தின் குறும்பு.

எடிசனின் மின்நிலையங்கள் வழங்கியது நேரோட்டம். பற்றரி ஏற்பதும் தருவதும் நேரோட்டமே. ஆகவே அங்கே இரண்டும் ஒத்துப்போயின. ஆனால் நெடுந்தூரம் கொண்டுசெல்ல ஏற்றது, மின்மாற்றியால் அழுத்தத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் இடந்தருகின்ற ஆடலோட்டம். அது வெற்றி பெற்றது. 1918 இல் விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் நீர்வலுவினால் இலங்கைக்கு மின்சாரம் பெறலாம் என்று ஆராய்ச்சிக் கட்டுரை வாசித்ததும், 1950 இல் லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கி மலைநாட்டு அருவியின் வலு கொழும்பு வரை வந்ததும் ஆடலோட்டத்தின் பயனே. அந்த வெற்றியோடு பற்றரி வீட்டைவிட்டு வெளியேறியது. ஆடலோட்டத்தை அப்படியே சேர்த்துவைக்க முடியாது. உள்ளே செல்லும்போது நேரோட்டமாக்க வேண்டும். வெளியே வரும்போது மீண்டும் ஆடலோட்டமாக்க வேண்டும். முதல் வேலை எளிது, இரண்டாவது கடினம். தலைகீழான அவ்விரண்டாவது வேலையைச் செய்வதனாலேயே அச்சாதனத்துக்கு இன்வேர்ட்டர் என்ற பெயர் வந்தது. அமெரிக்கப் பொறியியலாளர் பிரின்ஸ் 1925 இல் எழுதிய கட்டுரைக்கு அதனையே தலைப்பாக வைத்தார். நெடுங்காலம் அவ்வேலையைச் சுழலும் பெரு யந்திரங்களும் வாயுக்குழாய்களும் செய்தன. 1957 இலிருந்து சிலிக்கனாலான ஆளிகள் தோன்றிச் சிறுத்துச் சிறுத்து, இன்று சுவரில் மாட்டக்கூடிய பெட்டியொன்றில் அடங்கிவிட்டன.

வீட்டைவிட்டு வெளியேறிய பற்றரி முற்றாக மறையவில்லை. மின்சாரம் எட்டாத ஊர்களில் அது வானொலிக்காக வாழ்ந்தது. வால்வு வானொலிப் பெட்டிக்குப் பற்றரியை இணைத்து, அது களைத்ததும் நகரத்துக் கடைக்குச் சுமந்துசென்று நிரப்பிவந்த குடும்பங்கள் எத்தனையோ! இன்று எமது குரலைக் கேட்கும் முதிய நேயர்கள் சிலருக்கு அந்த ஈயச் சுமையின் கனம் தோளிலே இன்னும் நினைவிருக்கலாம்.

இதனிலும் கடினமான காலம் ஒன்று வடபுலத்துக்கு வாய்த்தது. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டபோது யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. சூள் மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிற் சேர்ந்தன. ஜாம் போத்தலில் விரலளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரிகொளுத்தி, அவ்வொளியில் மாணவர் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தனர். வானொலி கேட்பதற்குத் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்தனர். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவது நேரோட்டம். இடையிலே டயோட்டொன்றை வைத்து அதனையும் நம்மவர் தீர்த்துக்கொண்டனர். ஆனால் சேமிப்பு மாத்திரம் இல்லை. சுழற்றும் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்தது. தம் ஊரில் யார் இறந்தார், எங்கே குண்டு விழுந்தது என்று அறிவதற்காக ஒருவர் சுற்றவும் அயலவர் சூழ்ந்து நிற்கவும் கேட்ட அந்த அரை மணி நேரத்திலே, இவ்வளவு சிறிய சேமிப்பு இல்லாமையும் எவ்வளவு பெரிய குறை என்பது யாவர்க்கும் விளங்கியது.

பின்னர் 2022 வந்தது. டொலர் இல்லை, எரிபொருள் இல்லை. மார்ச் 31 ஆந் திகதி மின்வெட்டு 13 மணி நேரமாயிற்று. கூரையிலே சூரியத் தகடு பதித்திருந்த பல வீடுகளும் நண்பகலில் இருண்டு கிடந்ததைக் கண்டு அவ்வீட்டாரே திகைத்தனர். காரணம் இதுதான்: தெருக்கம்பியோடு மாத்திரம் இணைந்த இன்வேர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும்படி செய்யப்பட்டது. கம்பியைப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் இல்லாத வீட்டுக்கு, தலைக்குமேல் சூரியன் இருந்தும் பயனில்லை.

அந்நாட்களில் நானும் அவசரப்பட்டேன். விற்பனையாளர் ஒருவர், “எத்தனை வாற்று வேண்டும்?” என்று மட்டுமே கேட்டார். ஆயிரம் என்றேன். இன்வேர்ட்டரோடு மோட்டார் வாகனப் பற்றரி ஒன்றையும் சேர்த்துத் தந்தார். நாலாம் மாதத்திலே பற்றரி செத்தது. பிழை என் கணக்கில். வாற்று என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைக் காட்டும். எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைக் காட்டாது. நான் வாயின் அகலத்தைக் கேட்டு வாங்கினேனேயன்றிக் குடத்தின் கொள்ளளவைக் கேட்கவில்லை. அதன்மேல், வாகனப் பற்றரியின் தகடுகள் மெல்லியவை. ஒரு கணம் பெருமின்னோட்டம் தந்து யந்திரத்தைக் கிளப்புவதற்கானவை. நாள்தோறும் அடிவரை உறிஞ்சினால் ஃபோரின் அந்தப் பூச்சு உதிர்ந்துவிடும். வீட்டுக்குரிய பற்றரியில் அப்பூச்சைக் குழாய்களுக்குள் அடக்கி உதிராமற் காக்கிறார்கள்.

இரண்டாம் முறை கணக்கிட்டேன். 12 வோல்ற்று, 150 அம்பியர் மணி என எழுதிய பற்றரியில் 1,800 வாற்று மணி உண்டு. மின்சாரப் பட்டியலின் மொழியில் இரண்டு அலகுக்கும் குறைவு. ஈயப் பற்றரி நீடுவாழ வேண்டுமாயின் அதிற் பாதியையே எடுக்கலாம். இன்வேர்ட்டர் தன் பங்குக்குப் பத்தில் ஒன்றையாவது விழுங்கும். எஞ்சுவது 800. கூரை விசிறி ஒன்றுக்கு 70 வாற்று, நான்கு சிறு மின்குமிழ்களுக்கு 36, இணையப் பெட்டிக்கு 10 என்று கூட்டினால், ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஓடும். அதே பற்றரியில் ஆயிரம் வாற்று அழுத்தியை மாட்டினால் ஒரு மணி நேரமும் நில்லாது. குளிர்சாதனப் பெட்டியோ கிளம்பும் கணத்திலே தன் வழக்கமான அளவினைப்போற் பல மடங்கு கேட்கும். அதற்கு இன்வேர்ட்டரும் பெரிதாக வேண்டும். அலைவடிவம் தூய்மையாக இல்லாத மலிவான இன்வேர்ட்டரில் விசிறி முனகும், சூடேறும்.

இப்போது லிதியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரியும் கடைக்கு வந்திருக்கின்றது. அவ்விரசாயனத்தை 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவிற் குடினஃப் குழுவினர் வெளியிட்டனர். லிதியம் பற்றரிக்கான ஆராய்ச்சிக்காக 2019 இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். அதில் ஐந்தில் நான்கு பங்கை எடுக்கலாம், ஆயிரக்கணக்கான தடவை நிரப்பலாம், நீர் ஊற்றவேண்டியதில்லை. விலை முதலில் அதிகம். நாள்தோறும் சூரிய ஒளியால் நிரப்பி இரவில் எடுப்போருக்கு அது இலாபம். ஆண்டில் சில தடவைகளே இருள்கின்ற வீட்டுக்கு ஈயம் போதும் என்பது என் எண்ணம்.

நான் குழாய்த்தகட்டு ஈயப் பற்றரிகள் இரண்டை வாங்கிப் பின் விறாந்தையிற் காற்றோட்டமுள்ள மூலையில் வைத்தேன். குளிர்சாதனப் பெட்டியையும் அழுத்தியையும் அவற்றோடு இணைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையிலே எமது தெருவுக்கு மின்சாரம் மீண்டபோது பார்த்தேன். எடுக்கத் தகுந்த பங்கில் அரைவாசிக்கு மேல் இன்னும் எஞ்சியிருந்தது.