தேர்ந்தவர் ஒருவர், பயிற்றுவித்தவர் வேறொருவர்

2014 மே மாதம் அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக் தன் வருடாந்திர டிராஃப்டை நடத்தியது. ஏழு சுற்றுகளில் 256 கல்லூரி வீரர்கள் தேர்வானார்கள். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. 1937-க்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை. அந்த டிராஃப்டுக்கு வந்திருக்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் 2010, 2011-ஆம் ஆண்டுகளில் சேர்ந்தவர்கள். அவ்விரு ஆண்டுகளிலும் டெக்சஸ் திரட்டிய இளைஞர் கூட்டம் நாட்டின் முதல் ஐந்து இடங்களுக்குள் மதிப்பிடப்பட்டிருந்தது. இன்னொரு முரணும் உண்டு. அதே டிராஃப்டின் ஆறாவது சுற்றில் கேரட் கில்பர்ட் என்ற குவார்ட்டர்பேக் (தாக்குதல் ஆட்டத்தை நடத்தும் வீரர்) தேர்வானார். அவர் டெக்சஸில் இரண்டாண்டு ஆடி, மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஓரங்கட்டப்பட்டு, டாலஸில் உள்ள சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியவர். ஒருவரை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனாலும் ஆஸ்டினில் தேறாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் வேறிடத்தில் தேறினார் என்றால், குறையை அவருடைய திறமையில் மட்டும் தேடுவது போதாது.

2005 பருவத்தில் தலைமைப் பயிற்சியாளர் மேக் பிரவுனின் கீழ் தேசியப் பட்டம் வென்ற அணி இது. 2009 பருவத்திலும் இறுதி ஆட்டம்வரை சென்று அலபாமாவிடம் தோற்றது. அடுத்த ஆண்டே 5 வெற்றி, 7 தோல்வி என்று சரிந்தது. 2010 முதல் 2016 வரையிலான ஏழு பருவங்களில் 46 வெற்றி, 42 தோல்வி. பிரவுன் 2013 இறுதியில் விலகினார். பிறகு சார்லி ஸ்ட்ராங் மூன்று ஆண்டுகள், டாம் ஹெர்மன் நான்கு ஆண்டுகள், 2021 முதல் ஸ்டீவ் சார்கிசியன். ஒவ்வொரு முறையும் இளைஞர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். ஹெர்மன் 2018-லும் 2019-லும் சேர்த்தவர்கள் தேசிய அளவில் மூன்றாம் இடத்தில் மதிப்பிடப்பட்டார்கள். ஆனால் அந்த மதிப்பீட்டுக்கு ஏற்ற வெற்றி அவர் காலத்தில் வரவில்லை. பிரவுன் சோம்பிவிட்டார், ஸ்ட்ராங்குக்குத் தாக்குதல் ஆட்டம் தெரியவில்லை, ஹெர்மன் ஆட்களை அணைத்துச் செல்லவில்லை என்று ஆளுக்கொரு குறை சொல்லப்பட்டது. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் வெவ்வேறு குணமுள்ள மூவரிடமும் ஒரே விளைவு திரும்பத் திரும்ப வந்தால், அவர்களுக்கு அப்பால் ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

அந்தக் காரணம், ஒரு பயிற்சியாளரிடமிருந்து அடுத்தவருக்குக் கை மாறும் இடத்தில் இருக்கிறது. கல்லூரிக் கால்பந்தில் ஒரு மாணவன் நான்கு பருவம் ஆடலாம். அதை ஐந்து ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். பள்ளியிலிருந்து வரும் 18 வயதுப் பையன் முன்வரிசையில் லைன்மேனாக நிற்கும் உடலைப் பெறவே இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அந்த உடல் எப்படி இருக்க வேண்டும் என்பதோ பயிற்சியாளரின் ஆட்டமுறையைப் பொறுத்தது. தற்காப்பில் மூவர் முன்வரிசையில் நிற்கும் முறைக்கு, இரண்டு எதிராளிகளைத் தாங்கி நிற்கும் கனத்த உடல் வேண்டும். நால்வர் நிற்கும் முறையில் இடைவெளிக்குள் பாயும் வேகம் வேண்டும். ஹெர்மனிடம் முதல் மூன்று ஆண்டுகள் தற்காப்பை நடத்திய டாட் ஆர்லாண்டோ மூவர் வரிசைக்காரர். 2020-ல் அவர் இடத்துக்கு வந்த கிறிஸ் ஆஷ் நால்வர் வரிசைக்காரர். உடற்பயிற்சிப் பொறுப்பிலும் இதே கதைதான். 2010-ல் ஜெஃப் மேடன், அடுத்து பென்னி வைலி, ஸ்ட்ராங்குடன் பாட் மூரர், ஹெர்மனுடன் யான்சி மெக்நைட், சார்கிசியனுடன் டோரே பெக்டன் என்று பதினோரு ஆண்டுகளுக்குள் ஐந்து பேர் அந்த வேலையைப் பார்த்தார்கள்.

இந்தக் கைமாற்றம் அதிகமாகப் பாதித்தது குவார்ட்டர்பேக்குகளை. பாணி மாற்றி மாற்றிப் பாடம் கேட்கும் மிருதங்க மாணவனுக்கு எந்தப் பாணியும் கையில் நிற்பதில்லை, இங்கும் அப்படித்தான். டைரோன் ஸ்வூப்ஸ் 2013-ல் பிரவுன் சேர்த்தவர். அந்த ஆண்டு தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவர் மேஜர் ஆப்பிள்வைட். 2014-ல் ஷான் வாட்சன் வந்தார். 2015-ல் ஒரே ஆட்டத்துக்குப் பின் வாட்சனிடமிருந்து பொறுப்பைப் பறித்து ஜே நார்வெலிடம் கொடுத்தார்கள். 2016-ல் ஸ்டெர்லின் கில்பர்ட். நான்கு பருவம், நான்கு ஆசான்கள். களத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உள்ள குறிப்புச் சொற்கள், பந்தை வாங்கியதும் எடுத்து வைக்கும் அடிகள், எதிரணியின் எந்த ஆளை முதலில் பார்ப்பது என்பன எல்லாம் ஆசானுக்கு ஆசான் மாறும். ஸ்வூப்ஸ் கடைசியில் கோட்டுக்கு அருகே முட்டி மோதும் வேலைக்கு மட்டும் இறக்கப்பட்டார். அவருக்குப் பின்னால் வந்த சாம் ஏலிங்கர் 2017 முதல் 2019 வரை ஒரே தாக்குதல் ஒருங்கிணைப்பாளரான டிம் பெக்கிடம் ஆடினார். அந்தக் காலத்தின் குவார்ட்டர்பேக்குகளில் தொடர்ந்து முன்னேறியவர் அவர்தான். 2018 பருவத்தில் 10 வெற்றி பெற்று, சுகர் பவுலில் ஜார்ஜியாவை 28-21 என வென்ற அணியை நடத்தியவரும் அவரே.

இதற்கு முதல் மறுப்பு, அந்த இளைஞர்கள் முதலிலேயே தவறாக எடை போடப்பட்டவர்கள் என்பது. டெக்சஸின் பெயரே ஒரு பையனின் மதிப்பை உயர்த்திவிடும்; இவர்கள் பார்த்தாலே அவன் நட்சத்திரம் ஆகிவிடுவான். இதில் நியாயம் இருக்கிறது. சிறந்த கல்லூரி வீரருக்குரிய ஹைஸ்மன் கோப்பையை 2011-ல் வென்ற ராபர்ட் கிரிஃபினும் 2012-ல் வென்ற ஜானி மான்ஸியலும் டெக்சஸ் மாநிலப் பள்ளிகளில் ஆடியவர்கள். ஆனால் வென்றது பேலர், டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகங்களுக்காக. தேர்வில் பிழை இருந்தது என்பதற்கு இது சான்று. ஆனால் தேர்வுப் பிழையால் மட்டும் 2018-ல் வந்தவர்களின் கதையை விளக்க முடியாது. டிமார்வியன் ஓவர்ஷோன் பின்களக் காவலராக வந்து, 2020-ல் லைன்பேக்கராக மாற்றப்பட்டு, 2023 டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் தேர்வானார். டிவாண்ட்ரே ஸ்வெட் பெரிய நட்சத்திரமாக மதிக்கப்படாதவர். ஹெர்மன் காலத்தில் பத்தோடு பதினொன்றாக இருந்தார். 2021 முதல் 2023 வரை ஒரே தற்காப்பு முன்வரிசைப் பயிற்சியாளரான போ டேவிஸிடம் மூன்று பருவம் இருந்த பிறகு, சிறந்த லைன்மேனுக்குரிய அவுட்லேண்ட் கோப்பையை வென்று இரண்டாம் சுற்றில் தேர்வானார். தேறும் ஆட்கள் உள்ளேயே இருந்திருக்கிறார்கள்.

இரண்டாம் மறுப்பு அலபாமாவைக் காட்டும். நிக் சேபன் அங்கே 2016 முதல் 2019 வரை ஆண்டுக்கு ஒருவராக நான்கு தாக்குதல் ஒருங்கிணைப்பாளர்களை வைத்திருந்தார். வீரர்களோ டிராஃப்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். அப்படியானால் ஆசான் மாறுவது பொருட்டில்லையா? அங்கே மாறியது ஓர் அடுக்கு மட்டும். தலைமைப் பயிற்சியாளர் 2007 முதல் 2023 வரை மாறவில்லை. உடற்பயிற்சியை 2007 முதல் 2019 வரை ஸ்காட் காக்ரன் ஒருவரே பார்த்தார். புதிதாக வந்த ஒருங்கிணைப்பாளர் அங்கிருந்த முறைக்குள் வந்து தன் உத்திகளைச் சேர்த்தார். டெக்சஸிலோ புதியவர் வரும்போது பழையது முழுதாகத் துடைக்கப்பட்டது.

அரை நூற்றாண்டுக்கு முந்திய டெக்சஸே இதற்கு எதிரான முன்மாதிரி. 1957-ல் வந்த டாரல் ராயல் 20 பருவம் இருந்தார். 1965, 1966, 1967 மூன்று பருவங்களிலும் நான்கு நான்கு தோல்விகள். இன்றைய பொறுமைக்கு அது தாங்காது. ராயல் நீடித்தார். 1968-ல் அவருடைய உதவியாளர் எமரி பெல்லார்ட் விஷ்போன் என்ற புதிய அமைப்பை வகுத்தார். முதல் ஆட்டம் சமன், இரண்டாவது தோல்வி. அந்த இரண்டாவது ஆட்டத்தில் ராயல், ஊரே கொண்டாடிய பில் பிராட்லியை குவார்ட்டர்பேக் இடத்திலிருந்து எடுத்துவிட்டு ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டை நிறுத்தினார். அடுத்த 30 ஆட்டங்களில் டெக்சஸ் தோற்கவே இல்லை. பிராட்லியும் வீணாகவில்லை, தற்காப்புக்கு மாறினார், பின்னாளில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியில் ஆடி 1971, 1972 இரு பருவங்களிலும் லீகிலேயே அதிகமாகப் பந்தை இடைமறித்தவர்களின் வரிசையில் முதலிடம் பெற்றார். அவருடைய பலம் பலவீனம் தெரிந்தவர்தான் அவரை இடம் மாற்றினார்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். 1972 வரை முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாது என்பது விதியாக இருந்தது. பழகுவதற்கென்று ஓர் ஆண்டு சட்டப்படியே கிடைத்தது. உதவித்தொகை வீரர்களின் எண்ணிக்கைக்கு 1973 வரை தேசிய வரம்பு இல்லை. பெரிய கல்லூரிகள் ஆட்களைக் குவித்து வைத்தன. 1969-ல் பட்டம் வென்ற டெக்சஸ் அணியில் கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. ஆக ராயலின் வெற்றி முழுவதையும் நிலைத்தன்மையின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் வரம்பு 85 பேராகக் குறைந்த பிறகு பயிற்றுவிப்பின் முக்கியத்துவம் கூடியதே தவிரக் குறையவில்லை. வீணான ஒவ்வொரு வீரனுக்கும் பதிலாக நிறுத்த முன்போல ஆள் இருக்கவில்லை.

சார்கிசியன் வந்த பிறகு அணி மீண்டதே, அது ஆள் மாற்றம்தான் மருந்து என்று காட்டவில்லையா என்று கேட்கலாம். மாற்றம் சில வேளைகளில் தேவைதான். அதற்குப் பின் நடப்பதே முக்கியம். 2016-ல் கான்சஸிடம் தோற்ற ஒரு வாரத்தில் ஸ்ட்ராங் போனார். 2021-ல் சொந்த மைதானத்திலேயே கான்சஸிடம் 57-56 எனத் தோற்று, 5-7 என முடித்த சார்கிசியன் நீடித்தார். அவருக்கு அது முதல் ஆண்டு, ஸ்ட்ராங்குக்கு மூன்றாவது என்ற வேறுபாடு உண்டு. ஆனால் சார்கிசியனுடன் தாக்குதல் முன்வரிசைப் பயிற்சியாளர் கைல் ஃப்ளட்டும் தற்காப்பை நடத்திய பீட் க்விட்கோவ்ஸ்கியும் தொடர்ந்தார்கள் என்பதே பெரிய வேறுபாடு. 2022-ல் ஏழு தாக்குதல் லைன்மேன்களை ஒரே தொகுதியாகச் சேர்த்து ஃப்ளட் என்ற ஒரே ஆசானிடம் விட்டார்கள். அவர்களில் கெல்வின் பேங்க்ஸ் 2025-ல் முதல் சுற்றில் தேர்வானார். 2024 டிராஃப்டில் 11 பேர், 2025-ல் 12 பேர். அதற்குப் பத்தாண்டுக்கு முன் பூஜ்யம் வந்ததும் இதே பல்கலைக்கழகத்துக்குத்தான்.

பயிற்சியாளரை நீக்கும்போது ஒப்பந்த இழப்பீடு மட்டும் கணக்கில் ஏறுகிறது. ஹெர்மனுக்குச் சுமார் 1.5 கோடி டாலர் என்று நாளிதழ்கள் எழுதின. அவர் சேர்த்துவிட்டுப் போன மாணவர்கள் இழக்கும் ஆண்டுகளை யாரும் எழுதுவதில்லை. 2021-ல், ஒரு வீரன் காத்திருப்பு ஆண்டு இல்லாமல் ஒருமுறை கல்லூரி மாறலாம் என்று விதி முதலில் தளர்ந்ததால், இன்றைய பையன்கள் கேரட் கில்பர்ட்டின் வழியில் சீக்கிரமே கிளம்பிவிடுகிறார்கள். அது அவர்களுக்கு நியாயம். ஆனால் கல்லூரி நிர்வாகமும் பணம் தரும் புரவலர்களும் இதனால் பொறுப்பிலிருந்து தப்பிவிட முடியாது. நான்காண்டில் தேறும் ஒருவனைச் சேர்த்துவிட்டு, மூன்றாண்டில் ஆசானை மாற்றுவது அவர்கள் எடுக்கும் முடிவு. நட்சத்திரமாக வந்தவன் தேறாமல் போனால், அவன் எத்தனை ஆசான்களிடம் கைமாறினான் என்ற கேள்வியை முதலில் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.