மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா கடற்புல் படுகைகள்

மன்னார் வளைகுடாவிலும் அதற்கு வடக்கே உள்ள பாக் விரிகுடாவிலும் ஆழம் குறைந்த கடலடியில் பரவியுள்ள புல்வெளிகள் கடற்புல் படுகைகள் எனப்படுகின்றன. தூத்துக்குடிக் கரையின் வரலாற்றில் முத்துக்குக் கிடைத்த கவனம் இப்படுகைகளுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை.

தாவரங்கள்

கடற்புல் பாசி அன்று. வேர், தண்டு, இலை, பூ, விதை ஆகியவற்றைக் கொண்ட பூக்கும் தாவரம் ஆகும். குளங்களில் வளரும் சில நீர்ப்பூண்டுகள் இதன் உறவினங்கள். இவற்றுக்கு நெருங்கிய ரூப்பியா என்னும் பூண்டு உவர்நீர்க் கழிகளில் வளர்கிறது. பெரும்பாலான கடற்புல் இனங்களின் மகரந்தத்தை நீரே கொண்டு சேர்க்கிறது. வேர்கள் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. இலைகள் நீரோட்டத்தைத் தணிப்பதால் கலங்கல் படிந்து நீர் தெளிகிறது.

விலங்குகள்

இறால் குஞ்சுகள் இலைகளுக்கிடையே ஒளிந்து வளர்கின்றன. ஓரா மீன், கடற்குதிரை, கடலட்டை, பச்சை ஆமை ஆகியவையும் இங்கு வாழ்கின்றன. ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்குக் கடற்புல்லே முதன்மை உணவு. வளர்ந்த விலங்கு ஒரு நாளில் 30 முதல் 40 கிலோ வரை மேயும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குட்டியை ஈனுவதால், குறைந்த எண்ணிக்கை எளிதில் மீள்வதில்லை.

வரலாறு

கொற்கைக் காலம் முதல் இக்கரை முத்துக்குப் பெயர் பெற்றது. முத்துச்சிப்பிகள் 'பார்' எனப்படும் பாறைத் திட்டுகளில் வாழ்ந்தன. ஒவ்வொரு பாருக்கும் பெயர் இருந்தது. சிப்பிகளைச் சோதித்த பின்னரே அரசு முத்துக்குளிப்பை அறிவித்தது. 1961இல் நடந்ததே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. பார்களுக்கு இருந்த இந்தக் கண்காணிப்பு புல்வெளிகளுக்கு இருக்கவில்லை.

1960களுக்குப் பின் இழுவைப் படகுகள் பெருகின. கடலடியை உரசிச் செல்லும் இழுவலை புல்லை வேரோடு பெயர்த்தது. இறைச்சிக்காக ஆவுளியா வேட்டையும் நடந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆவுளியாவைக் கொல்வதைத் தடை செய்தது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. கரையோரப் புல்வெளிகளுக்கும் நாட்டுப்படகு மீனவருக்கும் இது பாதுகாப்பாகும். 1986இல் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளை உள்ளடக்கி மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது.

மீட்பு

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், சிதைந்த இடங்களில் கடற்புல்லை நடும் பணியை மேற்கொண்டுள்ளது. செழித்த படுகையிலிருந்து எடுத்த தளிர்கள் சணல் கயிற்றில் கட்டப்பட்டுக் கடலடியில் ஊன்றப்படுகின்றன. அவை வேர்பிடிக்க, இழுவலை அந்த இடத்துக்கு மீண்டும் வராதிருக்க வேண்டும்.