ஏக் அனேக் அவுர் ஏக்தா

ஏக் அனேக் அவுர் ஏக்தா (பொருள்: ஒன்று, பல, ஒற்றுமை) என்பது இந்தியத் திரைப்படப் பிரிவு 1974 ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தி மொழி இயங்குபடக் குறும்படம் ஆகும். விஜயா முளே இயக்கிய இப்படம் சுமார் 7 நிமிடங்கள் ஓடக்கூடியது. வேடனின் வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றுசேர்ந்து தப்பிக்கும் கதையின் மூலம் ஒற்றுமையின் பயனைக் குழந்தைகளுக்கு இப்படம் விளக்குகின்றது. தூர்தர்சன் தொலைக்காட்சியில் பலமுறை ஒளிபரப்பப்பட்டதால் பரவலாக அறியப்பட்டது. சிறந்த கல்வித் திரைப்படத்திற்கான தேசிய விருதையும் பெற்றது.

கதைச் சுருக்கம்

விளையாடிக் கொண்டிருக்கும் சிறுவர்களுள் ஒருவன், 'அனேக்' என்றால் என்னவென்று அக்காவிடம் கேட்கின்றான். சூரியன் ஒன்று, நிலா ஒன்று என்று தொடங்கும் அவள், விண்மீன், அணில், பட்டாம்பூச்சி ஆகியவை ஒவ்வொன்றாகச் சேர்ந்து பலவாவதைக் காட்டுகின்றாள். பின்னர் பறவைகளின் கதையைக் கூறுகின்றாள்.

தானியம் பொறுக்க இறங்கிய பறவைகள் வேடன் விரித்த வலையில் அகப்படுகின்றன. தனித்தனியே முயன்றால் தப்ப இயலாது என்பதை உணர்ந்து, அனைத்தும் ஒரே நேரத்தில் சிறகடித்து வலையுடன் பறந்து செல்கின்றன. தொலைவில் ஒரு கிராமத்தருகே வாழும் அவற்றின் நண்பர்களான எலிகள் வலையைக் கடித்து அறுக்கின்றன. இதைக் கேட்ட சிறுவர்கள், மரத்திலுள்ள மாங்காய்களைத் தங்களாலும் பறிக்க முடியுமா என வினவுகின்றனர். முடியும், ஆனால் அதற்கு ஓர் உத்தி வேண்டும் என்பதே அக்காவின் விடை.

தலைப்பின் பொருள்

'அனேக்' என்பது 'ஏக்' என்ற சொல்லுடன் எதிர்மறை முன்னொட்டு சேர்ந்து உருவானது; 'ஒன்று அல்லாதது' என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் வழங்கும் 'அநேகம்' என்ற வடசொல்லும் இதுவே. 'ஏக்தா' என்பதும் 'ஏக்' என்பதிலிருந்தே பிறந்தது. 'ஒன்று' என்பதிலிருந்து 'ஒற்றுமை' தோன்றுவது இதற்கு ஒப்பானது. எனினும் தமிழ்ச் சொல்லான 'பல' என்பதற்குள் 'ஒன்று' இல்லை. எனவே மூன்று சொற்களுக்கும் ஒரே வேர் என்ற தலைப்பின் நயம் மொழிபெயர்ப்பில் முழுமையாகக் கிடைப்பதில்லை.

மூலக்கதை

வலையுடன் பறந்த பறவைகளின் கதை பஞ்சதந்திரத்தில் உள்ளது. அதில் சித்திரக்கிரீவன் என்னும் புறா அரசனும் இரணியகன் என்னும் எலியும் இடம்பெறுகின்றனர். தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திர உரைநடை நூல் (1826) வழியாகத் தமிழரும் இதனை நன்கு அறிவர். குறும்படத்தில் பறவைகளுக்குப் பெயர்கள் இல்லை, அரசனும் இல்லை. ஒரு தலைவனின் அறிவுரையைக் காட்டிலும் கூட்டத்தின் செயலே இங்கு முதன்மை பெறுகின்றது.

உருவாக்கம்

படத்தின் வடிவமைப்பையும் இயங்குபட வேலையையும் பீம்சேன் மேற்கொண்டார். திரைப்படப் பிரிவில் பயிற்சி பெற்ற இவரது 'தி கிளைம்ப்' (1970) என்ற குறும்படம் சிகாகோ திரைப்பட விழாவில் விருது பெற்றது. பாடலை இயற்றியவர் பண்டிட் வினயசந்திர மௌத்கல்யா. இசையமைத்தவர் வசந்த் தேசாய். பாடலைப் பாடிய சிறுமி சாதனா சர்கம், பிற்காலத்தில் 'அழகி' என்ற தமிழ்த் திரைப்படத்தில் பாடியமைக்காகத் தேசிய விருது பெற்றார்.

கணினி வரைகலைக்கு முற்பட்ட காலமாதலால் படம் கையால் வரையப்பட்டது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் ஓடுவதால், 7 நிமிடப் படத்திற்கு ஏறத்தாழ 10,000 சட்டகங்கள் தேவைப்படும். உழைப்பைக் குறைக்க ஒரே ஓவியத்தை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சட்டகங்களுக்குப் பயன்படுத்துவது இயங்குபடத்தில் வழக்கமாகும்.

ஒப்பீடு

பறவையைத் துரத்தும் கதைகள் இயங்குபடங்களில் பல உள்ளன. அமெரிக்காவின் வார்னர் புரோஸ் நிறுவனம் 1947 இல் வெளியிட்ட 'டுவீட்டி பை' அவற்றுள் புகழ்பெற்றது. பிரிட்ஸ் பிரெலெங் இயக்கிய அப்படம் ஆசுக்கர் விருது பெற்றது. அதில் கூண்டிலுள்ள ஒற்றைப் பறவையைப் பிடிக்க முயலும் பூனை மீண்டும் மீண்டும் தோற்பதே நகைச்சுவை. பறவை தன் சாமர்த்தியத்தால் வெல்கின்றது. ஏக் அனேக் அவுர் ஏக்தாவில் எந்தப் பறவையும் தனியே தப்புவதில்லை. ஒரு பறவை மட்டும் சிறகடித்தால் வலை மேலே எழாது. விடுதலை என்பது அனைத்துக்கும் சேர்ந்தே கிட்டுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

பஞ்சதந்திரம்
தூர்தர்சன்
இயங்குபடம்