வானத்துக்குச் சாயம் விட்ட கதை

1/ ஊரூர் ஒல்காட் குப்பத்து மீனவர்கிட்ட பேசிப் பாருங்க. வாடை, கொண்டல், கச்சான்னு காத்துக்குப் பேர் சொல்வாங்க. 100 கி.மீ.க்கு மேல வீசுற காத்தை எப்படிப் பார்க்குறது?

2/ பலூன் சுமார் 40 கி.மீ.யோட நின்னுடும். 150 கி.மீ.க்குக் கீழே செயற்கைக்கோள் நிலைக்காது. நடுவுல நேர்ல போக ராக்கெட்தான் வழி.

3/ 1963 நவம்பர் 21. கேரளாவுல தும்பா. அதுவும் மீனவ கிராமம்தான். பூமியோட காந்த நடுக்கோடு பக்கத்துல போறதால விக்ரம் சாராபாய் குழு அதைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவோட நைக்-அப்பாச்சி ராக்கெட், பிரான்ஸ் தந்த சோடியம் கருவியோட அந்தியில கிளம்புச்சு.

4/ ஏன் அந்தி? கீழே இருட்டு, அவ்வளவு உயரத்துல இன்னும் வெயில். சோடியம் ஆவி ஆரஞ்சா மின்னும். அது நகருறதைப் படம் எடுத்தா காத்தோட வேகமும் திசையும் கிடைச்சிடும். ஆஞ்சியோகிராம்ல ரத்தக்குழாய்க்குள்ள சாயம் விட்டுப் பார்க்குறோமே, அதே யோசனை!

5/ அந்த ஊர் மகதலேனா மரியாள் தேவாலயம் விஞ்ஞானிகளுக்கு அலுவலகமாச்சு. இன்னிக்கு அது விண்வெளி அருங்காட்சியகம். மீனவக் குடும்பங்கள் வேற இடம் போனாங்க. இஸ்ரோ பிறந்தது 1969-ல. அதுக்கும் முன்னாடி இடம் கொடுத்தவங்க இவங்க. அடுத்த ராக்கெட்டுக்குக் கைதட்டும்போது அவங்களையும் நினைச்சுக்கோங்க.