எச்சிலும் திருக்கிண்ணமும்: தென்னார்க்காட்டு வழிபாட்டு வரலாற்றில் ஓர் இழை

தமிழகக் கிறிஸ்தவ வழிபாட்டை ஆராய்பவர்கள் பெரும்பாலும் மொழிபெயர்ப்பையும் கீர்த்தனையையும் பின்தொடர்கிறார்கள். நெல்லிக்குப்பம், கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் நின்று பார்த்தால் இன்னோர் இழை தென்படுகிறது. அது எச்சில். ஒருவர் வாய் பட்டதை இன்னொருவர் தொடலாமா என்ற அடுக்களைக் கேள்வி இங்கே பலிபீடத்தின் முன்னும் எழுந்திருக்கிறது.

1703 நவம்பரில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வந்திறங்கினார். அக்காலக் கத்தோலிக்கத் திருமுழுக்கில் குரு தம் உமிழ்நீரை விரலில் தொட்டு, முழுக்குப் பெறுபவரின் காதிலும் மூக்கிலும் தடவுவார். காது கேளாதவரை இயேசு நலமாக்கியதை நினைவூட்டும் செயல் அது. தமிழர் கண்ணுக்கோ அது எச்சில் பூசுவது. 1606இல் மதுரைக்கு வந்த நொபிலியின் வழியில் நடந்த சேசு சபையார் அதைச் சத்தமில்லாமல் விட்டிருந்தார்கள். 1704 ஜூன் 23 தேதியிட்ட ஆணையில் தூர்னோன் அதைத் திரும்பவும் கட்டாயமாக்கினார். பண்பாடு அறியாத ஆணை என்று இதை ஒரே வரியில் தள்ளிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பறையர் வீட்டுக்குள் போய் நோயாளிகளுக்கு அருட்சாதனம் வழங்க மறுக்கக் கூடாது என்று சொன்னதும் இதே ஆணைதான். 1744இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் ஆணையை உறுதிசெய்தார். கூடவே, பறையருக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டையும் ஏற்றார். எச்சிலைக் கட்டாயமாக்கிய ஆணையை உறுதிசெய்த உரோமை தீண்டாமையில் விட்டுக்கொடுத்தது.

கத்தோலிக்கப் பூசையில் அன்று மக்களுக்கு அப்பம் மட்டுமே, அதுவும் நாவில். சீர்திருத்தச் சபைகளின் திருவிருந்திலோ எல்லாரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைக்க வேண்டும். யார் முதலில் குடிப்பது, யாருக்குப் பின் குடிப்பது என்பதெல்லாம் சாதிக் கேள்விகளாயின. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சாதியைச் சபையிலிருந்து உடனே விலக்கச் சொன்னார். லுத்தரன்களின் லைப்சிக் மிஷனோ சாதியைச் சமூக வழக்கமாகக் கண்டு பொறுத்துப்போனது. பொறுக்க மறுத்து அம்மிஷனை விட்டு வெளியேறியவர் கார்ல் ஓக்ஸ். 1861இல் அவர் வந்து தங்கிய மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பத்துக்கு அடுத்த ரயில் நிலையம். பின்னர் டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்தது; கடலூர்ப் பகுதியின் ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வேர் அங்கேதான். இந்தியத் திருச்சபை வரலாற்றில் இந்தச் சிற்றூருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969 ஏப்ரல் 25 அன்று, இந்தியத் திருப்பலிக்குப் பன்னிரண்டு தழுவல்களை உரோமை அனுமதித்தது. முன்னின்று உழைத்தவர் டி. எஸ். அமலோர்பவதாஸ், தென்னார்க்காட்டுக் கல்லேரியில் 1932இல் பிறந்தவர். செருப்பைக் கழற்றுவது, தரையில் அமர்வது, ஆரத்தி, குத்துவிளக்கு ஆகியவை பலரும் அறிந்தவை. நான் உற்றுப் பார்ப்பது வேறொன்றை. முத்தமிடும் இடங்களில், பொருளை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்றது அந்த அனுமதி. தூர்னோன் காலத்தில் இடம் கிடைக்காத தமிழ்க் கூச்சம் 265 ஆண்டு கழித்து வழிபாட்டு முறையாகவே ஏற்கப்பட்டது.

ஆனால் அது எல்லாத் தமிழரின் கூச்சமா? இந்தத் தழுவல்களில் மேல்சாதிச் சமய மரபே மேலோங்குகிறது என்ற தலித் இறையியலாளரின் விமர்சனம் நியாயமானது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்து, ‘ஒரு உலை’ என்ற கருத்தை அதன் நடுவே வைத்தார். எல்லார் அரிசியும் ஒரே பானையில் வேகும், எல்லாரும் அதையே உண்பார்கள்.

இன்று பல சபைகளில் தட்டில் வரிசையாகச் சிறு கிண்ணங்கள், ஆளுக்கொன்று. பொதுக் கிண்ணம் உள்ள இடங்களில் ஆயர் ஒவ்வொருவருக்கும் பின் விளிம்பைத் துணியால் துடைத்து, சற்றே திருப்பி, அடுத்தவரிடம் நீட்டுகிறார். சிறு கிண்ணம் அமெரிக்காவில் 1890களில் கிருமிக்கு அஞ்சிப் பரவியது. நம் ஊர்ச் சபைகளுக்கு அது கிருமிக்கு அஞ்சி மட்டும்தான் வந்ததா என்பதைச் சபைக் கமிட்டிகளின் குறிப்பேடுகளைப் புரட்டித்தான் சொல்ல முடியும்.